ஆகாயத்தாமரை என்றொரு வித்தை

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஒரு வனசித்தன். வயது முந்நூற்றுச் சொச்சம். தாடி உண்டு, சர்க்கரை நோய் கிடையாது. மற்ற நாட்களில் அம்பத்தூரில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். திருத்தாத நேரத்தில் வசனகவிதை எழுதுகிறேன். பிறருடைய ஒற்றுப்பிழைகளுக்கும் என்னுடைய மேகங்களுக்கும் நடுவே திங்கள் முதல் சனி வரை கழிந்துவிடும். அந்த நாட்களில் நான் வாய் திறந்து பேசுவது பால் பாக்கெட் போடுகிறவரிடமும் கூரியர் கொண்டுவருகிறவரிடமும்தான். மனைவி வங்கியிலிருந்து வந்து சேரும்போது அவளுக்குப் பேச்சு தீர்ந்திருக்கும், எனக்கு ஆரம்பித்தே இருக்காது.

ஆட்டம் நடப்பது சேக்காட்டில், என் மச்சினிச்சி வீட்டு மாடியில், சாப்பாட்டு மேசையில். பரமபதம் போலப் பலகை கிடையாது, கேரம் போலக் காய் கிடையாது. ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி, நான் கதவைத் தட்டுகிறேன், நான் ஓடிவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். கதவு திறக்குமா, ஓட முடியுமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு டைஸ் தீர்மானிக்கும். இதை விளக்கினால் கேட்பவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் வரும். அதனால் விளக்குவதை நிறுத்திவிட்டேன். வாராவாரம் எங்கே போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டால், மச்சினிச்சி வீட்டுக்கு என்கிறேன். அது வேறு மாதிரியான பார்வையை வரவழைக்கிறது.

கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவள் மச்சினிச்சிதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். வாரம் முழுக்க வளையங்களையும் திருகாணிகளையும் அளந்து பார்த்துத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்களைத் திருப்பி அனுப்புவாள்.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். நான். மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். கதைக்குள் அவர் திருடன், எது எதிரே வந்தாலும் முதலில் அதைத் திருட முடியுமா என்று கேட்பார். மூன்றாவது, பூந்தமல்லியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பாய். கண்ணாடி என்றால் மூக்குக்கண்ணாடி. கதைக்குள் அவர் இரும்புக் கவசம் போட்ட வீரன். ஆட்டம் தொடங்கிய முதல் வாரத்திலிருந்து அதே வீரன்தான். நானும் லேத்காரரும் ஆளுக்கு இரண்டு முறை செத்துப் புதுப் பெயரில் பிறந்து வந்தவர்கள். பாயின் வீரன் மட்டும் சாகவில்லை. அவனுக்கு ஒரு காது கிடையாது. அது எந்தச் சண்டையில் போனது, அன்றைக்கு மச்சினிச்சி வீட்டில் என்ன டிபன் என்பது வரை பாய்க்கு ஞாபகம் இருக்கும்.

அந்த வீரன்மேல்தான் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தது. பாய் சமீபத்தில் திருமழிசையில் இரண்டாவது கடை திறந்திருந்தார். கண் டெஸ்ட்டுக்கு ஜனங்கள் கூட்டமாக வருவது ஞாயிற்றுக்கிழமைதான். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்:

"இத பாரு அண்ணாத்தே, என் ஆளு உசுரோட கீற வரைக்கும் வந்துகினு இருப்பேன். அவன் பூட்டான்னா நானும் பூட்டேன். இன்னொருத்தன பெத்து, பேரு வெச்சு, சண்ட கத்துக்குடுத்து... நம்மால ஆவாது."

"பாய் போய்ட்டா நாம ரெண்டு பேரும் இன்னா பண்றது?" என்று லேத்காரர் என்னைப் பார்த்தார். "தாயம் ஆடலாம். அதுலயாவது கவிஞர் ஜெயிப்பாரு."

"மூணு பேர் இல்லன்னா நான் நடத்த மாட்டேன்," என்றாள் மச்சினிச்சி. கோபமில்லை, வருத்தமில்லை. எஸ்டேட்டில் அப்படித்தான் பேசிப் பழக்கம்.

ஆக, ஒற்றைக் காது வீரன் செத்தால் ஆட்டம் செத்தது. எனக்கு மிஞ்சுவது பால் பாக்கெட்காரர்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் வித்தைகளை வடிவமைக்க ஆரம்பித்தேன். வனசித்தன் இயற்கையை ஏவக்கூடியவன். ஆனால் மச்சினிச்சி வைத்திருந்த ஆங்கிலப் புத்தகத்தில் அவனுக்கென்று கொடுத்திருந்தவை எல்லாம் வேறு ஊர் இயற்கை. ஓக் மரம், ஓநாய், உறைந்த ஏரி. பனிப்புயல் என்ற வித்தையைச் சில மாதம் வைத்திருந்தேன். ஆவடி வெயிலில் ஷேர் ஆட்டோவில் வந்திறங்கி, மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்து, 'நான் பனிப்புயலை ஏவுகிறேன்' என்று சொல்லும்போதெல்லாம் முதுகில் வியர்வை ஓடும். வார்த்தைக்கும் உடம்புக்கும் இவ்வளவு தூரம் இருக்கக்கூடாது என்று ஒருநாள் சொன்னேன்.

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க மாமா," என்றாள். "ஒரு பவருக்கு ஒரு கார்டு, மூணு வரி. என்ன செய்யும், எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம். நான் ஓகே பண்ணா செல்லும். அப்புறம் கார்டுல என்ன இருக்கோ அதுதான். மனசுல இருந்ததெல்லாம் செல்லாது."

முதல் கார்டை நான் இப்படி எழுதினேன்: மழை என்னை அறியும். ஈரத்தின் முதல் எழுத்தைப் புழுதி உச்சரிக்கையில் நான் என் பெயரை மறக்கிறேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். "மாமா, இது பவரா, வியாதியா?"

"பேரு மறந்துட்டா ஆதார் கார்டு இஸ்துகினு வரணுமே," என்றார் லேத்காரர். "சித்தருக்கு எந்த அட்ரஸ்ல குடுப்பான்?"

எழுதி எழுதிக் கற்றுக்கொண்டேன். வினைச்சொல்லை முன்னால் கொண்டுவந்தேன், மேகத்தை வெட்டினேன். ஜன்னலுக்கு வெளியே இருப்பதை மட்டும் எழுதினேன். மாடு என்று ஒரு வித்தை: சாலை நடுவில் மாடு வந்து படுக்கும், ஒரு சாலை அகலம், அதற்கே தோன்றும்போது எழுந்திருக்கும். எப்பேர்ப்பட்ட குதிரைப்படையும் நின்றுவிடும். மச்சினிச்சி உடனே ஓகே செய்தாள். அவள் அன்று காலை அப்படி நின்றுவிட்டு வந்தவள். தூங்குமூஞ்சி மரம் என்று ஒன்று: நிழலில் நிற்பவர்கள் தூங்கிவிடுவார்கள். மரமே சாயங்காலம்தான் இலையை மூடித் தூங்கும், அதனால் சூரியன் சாய்ந்த பிறகுதான் வேலை செய்யும் என்று திருத்தம் போட்டாள். அப்புறம் நிழல் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அது உங்க பிரச்சினை என்றாள்.

வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம், என்ற வித்தையால் ஒரு முள்வேலி முளைக்கும் என்று எழுதினேன். எவ்வளவு நேரம் என்ற வரியில், தானாகப் போகும்வரை. எதிரி போனான், வேலி போகவில்லை. "வேலிக்காத்தான் என்னிக்கு மாமா தானா போயிருக்கு?" என்றாள். அந்தக் கதைக்குள் ஒரு கிராமம் இன்றுவரை முள்ளுக்குள் இருக்கிறது. அவர்கள் எங்களுக்கு அனுப்பிய தூதனும் பாதி வழியில் சிக்கிக்கொண்டான். கொசு என்ற வித்தை சேதம் அதிகம் என்று நிராகரிக்கப்பட்டது.

பிறகு ஆகாயத்தாமரை.

அந்தச் சொல் எனக்கு வெகுநாளாகப் பிடித்த சொல். வேரில்லை, தண்டில்லை, குளமில்லை. வெறும் வெளியில் மலர்கிற ஒன்று. என் கவிதைகளில் அதைத் தொடர்ந்து பூக்க வைத்திருக்கிறேன், யாரும் ஆட்சேபித்ததில்லை. விழுகிற ஒருவனை நடுவானில் ஒரு பெரிய பூ ஏந்திக்கொள்ளும் என்று எனக்குள் ஒரு காட்சி. பாயின் வீரன் எப்போதும் உயரமான இடங்களில் நின்று சண்டை போடுகிறவன் என்பதால், இது அவனுக்காகவே செய்தது. கார்டில் எழுதினேன்: ஆகாயத்தாமரை விரியும். கண்ணுக்கெட்டும் தூரம். ஆட்டம் முடியும்வரை.

மச்சினிச்சி ஒருமுறைதான் படித்தாள். "சூப்பர் மாமா. ரொம்பக் கிளியரா இருக்கு," என்று கையெழுத்துப் போட்டாள். என் எழுத்து தெளிவாக இருப்பதாக ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம். நான் சந்தோஷப்பட்டேன்.

கார்டை வெளியே எடுத்தது கோட்டைச் சண்டையன்று. ஏரிக்கரையில் ஒரு கோட்டை, மதில்மேல் சண்டை. நானும் திருடனும் நூலேணி வழியாக மதிலின் மறுபக்கம் இறங்கித் தப்பிவிட்டோம். நாங்கள் இறங்கும்வரை வீரன் தனியாக மேலே நின்று படையைத் தடுத்தான். எதிரித் தளபதி அவனை நெஞ்சில் உதைத்துத் தள்ளினான். பிடிமானம் கிடைக்குமா என்று பார்க்க பாய் டைஸை உருட்டினார். இரண்டு.

"பாய், விழுந்துட்டீங்க," என்றாள் மச்சினிச்சி. "கீழ ஏரி. இரும்புக் கவசம். நேரா அடிக்குத்தான் போவீங்க."

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பையிலிருந்து அதற்கான துணியை எடுத்து, துடைக்க ஆரம்பித்தார். அது துடைக்கத் தேவையில்லாத கண்ணாடி. கடைக்காரர் கண்ணாடி. லேத்காரர் மேசைமேலிருந்த வேர்க்கடலையைத் தொடவில்லை.

நான் கார்டை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். "ஆகாயத்தாமரை," என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

மச்சினிச்சி கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்பவா? சரி மாமா. ஏரி மூடிக்கிச்சு."

"ஏரியா?"

"ஆமா. கண்ணுக்கெட்டுற தூரம் வரைக்கும் பச்சப்பசேல்னு. நடுநடுவுல ஊதாப் பூ. தண்ணியே தெரியல."

அப்போதுதான் புரிந்தது. தினமும் ஏரியைத் தாண்டி வேலைக்குப் போகிறவள் அவள். தண்ணீரை அடைத்துக்கொண்டு மண்டுகிற செடி, பொக்லைன் வைத்து வாரி வாரிக் கரையில் கொட்டினாலும் அடுத்த மழைக்கு முன் திரும்பி வந்துவிடுகிற செடி. பேப்பரில் அதன் பெயர் ஆகாயத்தாமரை. அவளைப் பொறுத்தவரை நான் எழுதிய கார்டுகளிலேயே பொருள் சந்தேகமற்றது அதுதான்.

"அது இல்லம்மா. நான் சொன்னது களை இல்ல. இது வானத்துல பூக்குற தாமரை."

"வானத்துல தாமரை பூக்குமா?"

"பூக்காது. அதான் விஷயமே. இல்லாத பொருளுக்கு அந்தக் காலத்துல அப்படித்தான் உதாரணம் சொல்வாங்க."

"இல்லாத பொருளா?"

"ஆமா."

"இல்லாததுக்கா கார்டு எழுதிக் குடுத்து என்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க?"

லேத்காரர் கடலைக்குத் திரும்பியிருந்தார். "கவிஞரே, நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. ஒண்ணு அது களை, இல்லாங்காட்டி அது காலி. காலின்னா பாய் நேரா தண்ணிக்குள்ள. களைன்னா செடிக்குள்ள. ரெண்டுல எது ஓணும்?"

கைபேசியில் அகராதியைத் திறந்தேன். அது இரண்டு பொருளையும் அடுத்தடுத்துக் கொடுத்திருந்தது. முதல் பொருள், இல்பொருள். இரண்டாம் பொருள், ஒரு நீர்ச்செடி. நான் முதல் பொருளைக் காட்டினேன். மச்சினிச்சி அதே திரையில் விரலை வைத்து ஒரு வரி கீழே காட்டினாள். முப்பது ஆண்டுகளாகச் சொற்களோடு புழங்குகிறவன், ஒரு வீரனின் உயிரை ஒரு சொல்மேல் வைத்துவிட்டு, அந்தச் சொல் பாதி களை என்பதைச் சாப்பாட்டு மேசையில் தெரிந்துகொண்டேன்.

பாய் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "அண்ணாத்தே, களைன்னே சொல்லு," என்றார்.

"களை," என்றேன்.

மச்சினிச்சி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். எங்களிடம் அவள் கொடுமையாக நடந்ததில்லை; அளவில் இருப்பதை அளவில் இல்லை என்று சொன்னதுமில்லை. "அது நெருக்கமா வளந்த செடி," என்றாள் மெதுவாக. "அடியில வேரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு மெத்த மாதிரி இருக்கும். கவசத்தோட விழுந்தா கிழிச்சுக்கிட்டு உள்ள போவீங்க. ஆனா மாட்டிக்கவும் சான்ஸ் இருக்கு. பத்துக்கு மேல விழுந்தா வேர் பிடிச்சுக்கும். உருட்டுங்க பாய்."

கீழே தெருவில் ஒரு வண்டி பழைய இரும்பு, பேப்பர் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே போனது. அது போய் முடியும்வரை பாய் டைஸைக் கைக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். பிறகு போட்டார். பன்னிரண்டு.

"மார் வரைக்கும் செடிக்குள்ள. தலை வெளிய, மேல இலை மறைக்குது," என்றாள். "மதில் மேலேர்ந்து பாக்குறவனுக்குப் பச்சை மட்டும்தான் தெரியுது. அம்பு விட ஆளே தெரியல. படகு எடுத்துக்கிட்டு வர்றான், கரையிலயே சிக்கிக்குது."

"அப்ப நான் சாவல?"

"இல்ல பாய்."

"வெளிய வரலாமா?"

"முடியாது. கால் கையெல்லாம் வேர் சுத்திக்கிச்சு. கார்டுல என்ன போட்டிருக்கு? ஆட்டம் முடியும்வரை. அது வரைக்கும் அங்கதான்."

"இன்றைய ஆட்டம்," என்றேன் நான். "இன்னிக்கு ஆட்டம் முடியற வரைக்கும்னு அர்த்தம்."

"இன்றையன்னு எங்க இருக்கு?"

இல்லை. ஒரு சொல் விடுபட்டிருந்தது. பிறர் எழுத்தில் அப்படி விடுபட்டதைக் கண்டுபிடித்துத்தான் நான் வீட்டு வாடகை கட்டுகிறேன். ஆட்டம் என்றால் மொத்த ஆட்டம் என்று தீர்ப்பானது. ஆட்டம் நடக்கும்வரை ஏரியில் செடி இருக்கும். செடி இருக்கும்வரை வீரன் அதற்குள் இருப்பான்.

பாய் இதைக் கொஞ்ச நேரம் அலசினார். "தங்கச்சி, ஒரு டவுட்டு. செடிக்குள்ள மாட்டிகினு கீறவன் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த வாரம் நான் வரணுமா?"

  ஆள் சாகவும் இல்லை, ஆடவும் முடியாது. இந்த நிலைமைக்கு பாய் போட்ட நிபந்தனையில் இடமே இல்லை. மச்சினிச்சி அந்தக் கேள்வியைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் பார்த்தாள், வளையத்தைப் பார்ப்பதைப் போல.

"உசுரோட இருக்கீங்களே பாய்," என்றாள். "வரணும்."

"அது சரி," என்றார் பாய்.

வந்தார். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும். நானும் திருடனும் ஏரியைச் சுற்றிக்கொண்டு அலைந்தோம். எதிரிப் படை கரையில் கூடாரம் போட்டிருந்தது. பாயின் முறை வரும்போது மச்சினிச்சி தவறாமல் கேட்பாள்: பாய், நீங்க என்ன பண்றீங்க? அவரும் தவறாமல் பதில் சொல்வார். மூச்சு விடுறேன். பூவ எண்றேன். மதில் மேல ரெண்டு பேரு பேசிக்கறத ஒத்தக் காதால ஒட்டுக் கேக்குறேன். இந்த ஒட்டுக்கேட்டல் எங்களுக்கு உதவியாகவே இருந்தது. பாசி படிந்த ஓர் உளவாளி கிடைத்தார். லேத்காரருக்குத்தான் பொறாமை. "நான் முள்ளுல ஓடி ஓடி சாவறேன், இவுரு பாட்டுக்கு டேங்குல குளிச்சிகினு கீறாரு."

ஆனால் நான் நிம்மதியாக இல்லை. ஒரு மனிதரை எத்தனை வாரம் செடிக்குள் வைத்திருக்க முடியும்? ஒருநாள் அலுத்துவிடும், திருமழிசைக்குப் போய்விடுவார். அவரை வெளியே எடுக்க ஒரு வித்தை செய்வது என் பொறுப்பு என்று பட்டது. வாரம் முழுக்க மெய்ப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கார்டு எழுதினேன். வெள்ளம் என்று எழுதினேன். செடி போகும், வீரனும் சேர்ந்து போவான் என்றாள். வெயில் என்று எழுதினேன். வெயிலில்தான் அது நன்றாக வளரும் என்றாள். பொக்லைன் என்று எழுதினேன். அது இயற்கையா என்று கேட்டாள். இத்தனை நாள் ஏரிக்கரையில் நிற்கிறதே, இயற்கைதான் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. "ஆகாயத்தாமரைய எடுக்க நிஜமாவே ஒரு வழி கண்டுபிடிச்சீங்கன்னா, ஊருக்குச் சொல்லுங்க மாமா. எனக்கு அப்புறம் சொல்லலாம்."

கடைசியில் எருமை என்று எழுதினேன். எருமை ஏரியில் இறங்கும், தின்றுகொண்டே போகும், ஒரு ஆள் வெளியே வரும் அகலத்துக்கு வழி விடும். ஏரியின் எந்தப் பகுதியும். இறங்கிய எருமை கரை ஏறும்வரை. மேகமும் கிடையாது, இரண்டாம் பொருளும் கிடையாது, அகராதியில் பார்த்துவிட்டேன். விடுபட்ட சொல் இருக்கிறதா என்று மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எருமைன்னா எருமைதானே என்றாள். மச்சினிச்சியும் ஓகே செய்தாள்.

அந்த ஞாயிறு என் முறை வந்ததும் கார்டை பாயின் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் பிடித்துப் படித்தார்.

"வெளிய வந்தா எங்க வருவேன்?"

"கரைக்கு," என்றாள் மச்சினிச்சி.

"கரையில?"

"படை நிக்குது பாய். அதே தளபதி."

"எனக்கு உடம்புல எவ்ளோ பலம் மிச்சம் கீது?"

"விழுந்த அன்னிக்கு இருந்ததுதான். முப்பதுல மூணு."

அந்தத் தளபதி ஒரு உதை விட்டால் மூன்று போதாது என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பாய் கார்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார், மெதுவாக, சரியில்லாத பவர் எழுதிய சீட்டை வாடிக்கையாளரிடம் திருப்பித் தருவதுபோல.

"எருமைய கொஞ்ச நாளு கட்டிப்போடு அண்ணாத்தே. எனக்கு உள்ள நல்லாத்தான் கீது."

"போர் அடிக்கலையா பாய்?"

"வாரம் பூரா ஒரே கேள்வி. இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா. இங்க வந்து செடிக்குள்ள குந்திகினா ஒருத்தனையும் ஒண்ணும் கேக்க வேணாம். கொஞ்சம் கம்முனு இரு."

நான் கார்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மச்சினிச்சி அவர் பக்கம் திரும்பினாள். "சரி பாய், உங்க முறை. என்ன பண்றீங்க?"

"பக்கத்துல ஒரு கொக்கு வந்து நிக்குது," என்றார் பாய். "அதாண்ட பேசறேன்."

"என்ன பேசறீங்க?"

"ஞாயித்துக்கெழம கடைய யாரு பாத்துக்குவாங்கன்னு கேக்குறேன்."

கொக்கு பதில் சொல்லுமா என்று பார்க்க டைஸை உருட்டச் சொன்னாள். பதினேழு விழுந்தது.

"இன்னா சொல்லுது?" என்றார் லேத்காரர்.

"என் மச்சான் பாத்துக்குவானாம்," என்றார் பாய், கடலையை எடுத்து உரித்துக்கொண்டே.